பாட்டி இருந்த லைன்

இரண்டாம் படிவம் படிக்கும் பையன் ஒருவன் தன் ஆங்கிலக் கட்டுரையை என்னிடம் நீட்டினான். "மை கிராண்ட்மதர் லிவ்ட் இன் எ லைன்" என்று எழுதியிருந்தான். கடைசிச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"ஏன் டீச்சர் தப்பு? பாட்டி லயத்துலதானே இருந்தாங்க?"

நியாயமான கேள்வி. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருப்பவர்களில் பலர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறி வந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அப்புறம் சில தோட்டங்கள் வீடமைப்புக்கும் போயின. ஆனாலும் கோயில் திருவிழாவில் பெரியவர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி, "நீங்க எந்த லயம்? மேட்டு லயமா, ஆத்தோர லயமா?" என்பதுதான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொழிலாளர் வீடுகளை ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் அவற்றை லேபர் லைன்ஸ் என்றார்கள். அந்த லைன்தான் நம் வாயில் லயனாகி லயமும் ஆனது. (சின்ன வயதில் தேவார வகுப்பில் "சுருதியும் லயமும் சேரணும்" என்று சொல்லிக் கேட்டபோது, எங்கள் வீட்டு வரிசையைத்தான் சொல்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.)

ஆக, பையன் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் தோட்டத்தைப் பார்த்திராத ஒருவர் அந்த வாக்கியத்தைப் படித்தால், பாட்டி ஒரு கோட்டுக்குள்ளோ வரிசையிலோ வாழ்ந்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார். எஸ்டேட் என்ற சொல்லை முன்னால் போட்டு, லைன் என்பதைப் பன்மையாக்கி, எஸ்டேட் லைன்ஸ் என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். "தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்" என்று அடுத்த வாக்கியத்தில் விளக்கியிருந்தால் முழுதும் முடிந்திருக்கும்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவள் அல்ல. ஆறாம் படிவம் வரை படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலை அலுவலகங்களில் வேலை செய்தவள். இப்போது மாலையில் வீட்டு முன்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இத்தனை நாளில் நான் கவனித்த ஒன்று உண்டு. கடினமான சொற்களில் பிள்ளைகள் அவ்வளவாக இடறுவதில்லை. தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுகிறார்கள், கைப்பேசியில் தேடுகிறார்கள், என்னைக் கேட்கிறார்கள். இடறுவது எளிய சொற்களில்தான். ரன், செட், கெட், லைன் எல்லாம் முதலாம் ஆண்டிலேயே படித்தாயிற்று என்று நம்புவதால் யாரிடமும் கேட்பதில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. அதில் மிக அதிகப் பொருள் பெற்றிருந்தது செட் என்ற சின்னச் சொல். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். பிற்பாடு திருத்திய பதிப்பில் ரன் அதை முந்தி 645க்குப் போய்விட்டது. மூன்றெழுத்துச் சொல்லுக்குள் அத்தனை இருக்கிறது.

எளிய சொல் ஆளை எப்படிக் கவிழ்க்கும் என்று எனக்குத் தெரிய வந்தது 1990இல். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். என் மேசையிலிருந்த தொலைபேசியில் நான்கு விளக்குகள் உண்டு: லைன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டாவது வாரம், கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் அவசரமாக அழைத்தார். "லைன் த்ரீ இஸ் டவுன். கெட் தி டெக்னீஷியன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவது விளக்கு எரியவில்லை. சரி, தொலைபேசி இணைப்புத்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, தொலைபேசி பழுதுபார்ப்பவருக்கு எண் சுற்றினேன். அவர் வருவதாகச் சொன்னார். நானும் வேறு வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

கீழே நின்றுபோயிருந்தது மூன்றாம் உற்பத்தி வரிசை. முக்கால் மணி நேரம் இயந்திரத் தொழில்நுட்பர் யாரும் அங்கே போகவில்லை. முப்பது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றைய எண்ணிக்கை குறைந்ததற்குத் திட்டு வாங்கியவர்களும் அவர்கள்தான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த வரிசையின் லைன் லீடரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவரும் தோட்டத்துப் பெண்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோபப்படவில்லை. "தங்கச்சி, இந்தக் கட்டடத்துல லைன்னா அது நாங்கதான். போன் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வேலையிடத்தில் யார் லைன் என்று சொன்னாலும், முன்னால் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிக் கேட்பேன்: "புரொடக்‌ஷன் லைனா, டெலிபோன் லைனா?" கேட்க இரண்டு விநாடிதான் ஆகும். புதிதாக வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நான் பார்த்தவரை நல்ல மேலாளர்கள் அப்படி நினைப்பதில்லை. அவர்களே ஒருவருக்கொருவர் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

பழக்கம் வந்துவிட்டது. அதன் பின்னால் இருக்கும் இலக்கணம் ஏற்கெனவே என் ஆறாம் படிவ நோட்டில் இருந்தது. அதை நான் சேர்த்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எந்தப் பொருள் என்று எப்படித் தெளிவது? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதற்கு விடை இருக்கிறது: வினை, இனம், சார்பு. அந்தச் சொல் கொண்டு முடியும் வினையைப் பார். அதனோடு சேர்ந்து வரும் சொற்களைப் பார். எந்த இடத்தில், எதைப் பற்றிப் பேசும்போது வருகிறது என்று பார். எங்கள் ஆசிரியர் மா என்ற சொல்லைக் காட்டி விளக்கினார். மா பூத்தது என்றால் மரம். மா பாய்ந்தது என்றால் குதிரை. மா என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் யாராலும் தெளிய முடியாது.

நான் என் பிள்ளைகளுக்குக் கொடி என்ற சொல்லைக் காட்டுகிறேன். பள்ளியில் கொடி ஏற்றினார்கள். வேலியில் கொடி படர்ந்தது. மழை வருது, கொடியிலிருந்து துணியை எடு. பிறந்த குழந்தைக்குத் தொப்புள் கொடி. ஒரு பிள்ளைகூட இதில் குழம்புவதில்லை. "இதுல எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "ஏத்துனாங்கன்னு சொன்னீங்களே டீச்சர்" என்கிறார்கள். தமிழில் தன்னையறியாமல் செய்வதை ஆங்கிலத்தில் தெரிந்து செய்ய வேண்டும். அவ்வளவுதான் நான் அவர்களிடம் எதிர்பார்ப்பது.

ஆங்கிலத்தில் லைன் எந்த வினையோடு வருகிறது என்று பாருங்கள். வரைந்தால் கோடு. சேர்ந்து நின்றால் வரிசை. நாடகத்துக்கு மனப்பாடம் செய்தால் வசனம். ஆற்றில் வீசினால் தூண்டில் நரம்பு. தொலைபேசியில் பிடித்துக்கொள்ளச் சொன்னால், வைத்துவிடாதே என்று பொருள். ஒருவருக்கு ஒரு லைனைப் போடு என்றால் நாலு வரி எழுதி அனுப்பு என்று பொருள். லைனைத் தாண்டிவிட்டான் என்றால் மரியாதையின் எல்லையை மீறிவிட்டான். ஆகவே என் பிள்ளைகளின் நோட்டில் லைன் என்றால் கோடு என்ற பதிவே கிடையாது. ஒவ்வொரு பொருளையும் வினையோடு சேர்த்து, முழுச் சொற்றொடராகத்தான் எழுத வேண்டும். பக்கத்தில் எங்கே கேட்டோம், யார் சொன்னார்கள் என்றும் குறிக்கச் சொல்கிறேன். அப்படிக் குறித்தது மறப்பதில்லை.

வினையும் கைகொடுக்காத இடம் உண்டு. ஆன் தி லைன் என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைகள் ஆன் தி லைன் என்றால் கொடியில் காய்கின்றன. அம்மா ஆன் தி லைன் என்றால் தொலைபேசியில் காத்திருக்கிறார். ஒருவருடைய வேலை ஆன் தி லைன் என்றால் அது பறிபோகும் நிலையில் இருக்கிறது. மூன்றிலும் சொற்கள் ஒன்றுதான், வினையும் ஒன்றுதான். எது லைனில் இருக்கிறது என்பதுதான் பொருளைத் திருப்புகிறது. இதைத்தான் இனம் என்கிறது நம் இலக்கணம். இந்த மூன்று வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒரு மணி நேர விளக்கத்தில் கிடைக்காதது அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறது.

இத்தனை பொருளும் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது ஒரு நூல். லத்தீனில் லினும் என்றால் ஆளிச் செடி. இப்போது கடைகளில் பாக்கெட்டில் விற்கிறார்களே ஆளி விதை, அதே செடி. அதன் நாரில் திரித்த நூல் லினியா. லைனும் வந்தது அங்கிருந்து, லினன் துணியும் வந்தது அங்கிருந்து. தையல்காரர் ரவிக்கைக்கு உள்ளே வைக்கும் லைனிங்கும் அதே குடும்பம்தான். முன்பு உடைக்கு உள்ளே லினன் துணி வைத்துத் தைத்ததால் அந்தப் பெயர். நூலை இழுத்துக் கட்டினால் நேர்கோடு. கோட்டில் ஆட்களை நிறுத்தினால் வரிசை, வீடுகளைக் கட்டினால் லயம். நிலத்தில் கட்டினால் எல்லை. கம்பியாக்கினால் மின்சாரமும் பேச்சும் போகும். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடிய பாதையும் லைன்தான். நம் ஊரில் "யாரும் இல்ல, வா" என்பதற்குச் சொல்லும் லைன் கிளியரும் ரயில்காரர்கள் தந்தது. அடுத்த நிலையம்வரை தடம் காலியாக இருக்கிறது, வண்டியை அனுப்பலாம் என்பதற்கு அவர்கள் சொன்ன சொல் அது. மலாய்க்காரர்களும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். தாலி என்றால் கயிறு, தாலியான் என்றால் தொலைபேசி இணைப்பு. நமக்கோ நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பது போல மனக் கோணலைத் தீர்ப்பதால் புத்தகத்துக்கு அந்தப் பெயர் என்கிறது நன்னூல். இதை முதன்முதலில் சேர்த்து வைத்துப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

டெட்லைன் ஒன்றுதான் மனத்தை உறுத்துகிற கதை. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஆண்டர்சன்வில் என்ற சிறை முகாமில் மதிலுக்கு உட்பக்கமாக ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால் காவலர் சுட்டுவிடலாம். வீட்டுப்பாடம் கொடுக்கும் நாளைக் குறிக்க நாம் சொல்வது அந்தச் சொல்லைத்தான்.

கடந்த ஆண்டு அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றி அரசாங்க மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எண்பது வயது. மருந்து ஏற்றக் கையில் குத்தியிருந்த குழாய் இரவில் நழுவிவிட்டது. காலையில் வந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு, "பாக்சிக், லைன் டா அவுட். கெனா செட் பாலெக்" என்றார். ஐயா, குழாய் வெளியே வந்துவிட்டது, மறுபடி போட வேண்டும் என்று மலாயில் அர்த்தம். அன்பாகத்தான் சொன்னார். நம் நாட்டு மருத்துவமனைகளில் எல்லாரும் அந்தக் குழாயை லைன் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "லயன் அவுட்டா? மறுபடி காலி பண்ணச் சொல்றாங்களாம்மா?"

தோட்டம் கைமாறியபோது எங்கள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அப்பா அப்போது மூன்று மாதம் அலைந்தார். அந்தச் சொல் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லப்பா, மருந்து ஏத்துற குழாய். அது நழுவிடுச்சு, திரும்ப மாட்டப் போறாங்க. வீடு இருக்குப்பா" என்றேன். அவர் மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

வீட்டில் தோட்டத்துப் பெரியவர்கள் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மருத்துவமனையில் லைன் என்று யாராவது சொன்னால் உடனே அதன் வேலையைச் சொல்லித் தமிழில் மாற்றிச் சொல்லுங்கள்: கையில் மருந்து ஏற்றும் குழாய். டாக்டரிடம் பேசும்போது பிரானுலா என்ற பெயரைச் சொல்லிக் கேட்டால் குழப்பமே வராது. ஃபர்ஸ்ட் லைன் மருந்து என்று சொன்னால் அதற்கும் ஆட்கள் நிற்கும் வரிசைக்கும் தொடர்பில்லை. ஒரு நோய்க்கு முதலில் கொடுத்துப் பார்க்கும் மருந்து என்று பொருள். செகண்ட் லைன் என்றால் முதல் மருந்து போதாதபோது, அல்லது ஒத்துக்கொள்ளாதபோது கொடுப்பது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் செகண்ட் லைன் என்றதும், இரண்டாவது வரிசையில் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கலங்கி நின்றாள். அவளுக்கு இதைச் சொன்னபோது முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. கைப்பேசியில் அலை கிடைக்காதபோது நாம் எல்லாரும் "லைன் இல்ல" என்கிறோம். மலாயிலும் அப்படியே சொல்கிறோம். வீட்டிலும் கடைத்தெருவிலும் அது அழகாகவே வேலை செய்கிறது, அதை மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் ஆங்கிலப் பேச்சுப் பகுதியில் அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு வேறு பொருள் போகலாம். அங்கே சிக்னல் என்று சொல்லிவிடுங்கள். எழுதும்போது டோ தி லைன் என்ற தொடரிலும் கவனம் வேண்டும். அந்த டோ கால்விரலைக் குறிப்பது, கயிறு கட்டி இழுப்பதைக் குறிக்கும் டோ அல்ல. விளையாட்டுப் போட்டியில் ஓடத் தொடங்கும் முன் கோட்டருகே கால்விரலை வைத்து நிற்பதை நினைத்துக்கொண்டால் எழுத்துப்பிழை வராது. கட்டளைக்கு அடங்கி நடப்பது என்ற பொருளும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

அந்தப் பையனுக்கு நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மாலையில் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லைனிங் என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பினார். "லைனிங்கா? அது நான் பண்ணின வேலை" என்றார். 1980களில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது, கன்று வைக்குமுன் நிலத்தை அளந்து குச்சி அடித்தவர்களில் அவரும் ஒருவர். கன்றுக்குக் கன்று 9 மீட்டர், மூன்று கன்றும் முக்கோணமாக நிற்க வேண்டும். அப்படி நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம்.

பையனை அனுப்பி ராஃபியா கயிறு வாங்கி வரச் சொன்னார். வாசல் மண்ணில் ஒரு குச்சியை அடித்து, கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பையன் கையில் கொடுத்தார்.

"இழுத்துப் புடி. இன்னும். தொய்வு இருந்தா அளவு தப்பும்."

பையன் இரண்டு கையாலும் இழுத்தான். அப்பா குனிந்து, விரலால் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். அப்புறம் அதே நீளத்தில் இன்னும் இரண்டு கயிறு வெட்டச் சொல்லி, மூன்று குச்சியையும் முக்கோணமாக நிறுத்திக் காட்டினார். மற்றப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு சிறுமி, "தாத்தா, எங்க பாட்டி வீட்டுக்கும் இப்படித்தான் கயிறு கட்டுனாங்களா?" என்று கேட்டாள். "வீட்டுக்கும் கயிறு கட்டித்தான்மா அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவாங்க" என்றார் அப்பா.

பையன் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தான். எஸ்டேட் லைன்ஸ் என்று எழுதினான். அதற்குக் கீழே, தாத்தா கயிறு இழுத்துக் கட்டிக் காட்டினார் என்று தமிழிலேயே ஒரு குறிப்பும் போட்டுக்கொண்டான்.

இருட்டத் தொடங்கியதும் நான் குச்சிகளைப் பிடுங்கப் போனேன். "கயித்த வெட்டிடாத, சுருட்டி வை. நாளைக்கு அந்தச் சின்னப் புள்ளைங்களுக்கும் காட்டணும்" என்றார் அப்பா.